சித்திக்கு வேலை வேண்டும்

"உசுரு தப்புனதே பெருசு, இனி வேலை எதுக்கு?" பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியவரைப் பார்க்கப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் தவறாமல் சொல்லும் பேச்சு இது. ஒரு பிஸ்கட் பக்கெட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு போவார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து, விழுந்துபோன கையைத் தடவிப் பார்ப்பார்கள். எழும்பும்போது, "மலையேறி எறங்குனது போதும், இனிமேயாவது ஓய்வா இரு" என்பார்கள். அன்பால்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சு ரொம்ப நாளாக எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நோயிலிருந்து எழுந்து வரப் பார்க்கிற ஆளை நாங்களே கையைப் பிடித்து மூலையில் உட்கார வைக்கிறோம். அப்புறம், ஏன் அவர் முகத்தில் களையே இல்லை என்று கவலைப்படுகிறோம்.

என் சித்தி இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். வாதம் வந்தபோது வயது 47. பிரஷருக்குக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். தலைசுற்றல் இல்லாத நாட்களில் போடாமல் விட்டுவிடுவார், பலரையும் போல. ஒரு நாள் காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்போது தேத்தண்ணிக் கோப்பை வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. 1990 ஆம்புலன்ஸுக்கு அழைத்துவிட்டு, மேல்கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) லயக் குடியிருப்பிலிருந்து வண்டி வரக்கூடிய ரோடு வரைக்கும் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மூளையில் இரத்தக் குழாய் அடைத்திருந்தால், அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். எங்களுக்கு அந்த நேரம் வாய்க்கவில்லை. மலைப் பாதையும் தூரமும் எத்தனை பேரின் கை கால்களைப் பறித்திருக்கின்றன என்பதைத் தனியாக எழுத வேண்டும். இன்று எழுத வந்தது, சித்தி வீட்டுக்குத் திரும்பிய பிறகு நடந்தவற்றைப் பற்றி.

அழுகை

வலது கையும் காலும் பலவீனம், பேச்சும் போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, சொல்ல நினைப்பது உள்ளே இருக்கும், வார்த்தை வெளியே வராது. வந்தாலும் ஒன்றிரண்டுதான், அதிலும் சில நேரம் வேறு வார்த்தை வந்து விழும். உப்பைக் கேட்க நினைத்து விளக்கு என்பார். தான் தவறாகச் சொன்னது அவருக்கே தெரியும், அதுதான் கொடுமை. மூளையின் இடது பக்கம் அடிபட்டால் வலது பக்க உடம்போடு பேச்சும் பாதிக்கப்படுவது வழக்கம் என்று சொன்னார்கள். காது நன்றாகவே கேட்டது, புத்தியும் தெளிவாக இருந்தது. ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் செவிடரிடம் பேசுவது போலச் சத்தம் போட்டுப் பேசினார்கள். இல்லையென்றால் அவர் முன்னாலேயே சித்தப்பாவைப் பார்த்து, "சாப்புடுதா? தூங்குதா?" என்று விசாரித்தார்கள்.

கால் சீக்கிரமே தேறத் தொடங்கியது. முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும் என்று பிசியோ செய்தவர் சொல்லியிருந்தார். சித்தப்பா விடாமல் பயிற்சி கொடுத்தார். சுவரைப் பிடித்து நடந்தவர், பிறகு கம்பை ஊன்றி இஸ்தோப்பு, வாசல் திண்ணை, வரை வந்தார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிக்கு நடுவில்தான் சித்தி அழத் தொடங்கினார். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே அழுகை வரும். பிள்ளைகள் சிரித்தால் அழுவார். பக்கத்து லயத்தில் நடந்த சாவு வீட்டில், எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பயத்தை நான் மறக்கவில்லை. காத்துக் கருப்பு என்றார்கள், யாரோ செய்துவிட்டார்கள் என்றார்கள். கோயில் பூசாரி வந்து நூல் கட்டினார். அவர் நல்ல மனிதர். கட்டிவிட்டு, "மருந்தையும் நிப்பாட்டிறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பின்னால் விளங்கிக்கொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தெரியாமல் நிறையக் குடும்பங்கள் தவிக்கின்றன. இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, காரணமே இல்லாமலோ சின்னக் காரணத்துக்கோ பொங்கி வருகிற அழுகையும் சிரிப்பும். உணர்ச்சியை அடக்கி வைக்கிற மூளைப் பாதை அடிபட்டதால் வருவது அது. உள்ளே துக்கம் இல்லாமலும் வரும். மற்றது மனச்சோர்வு. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. மூளைக்கு வந்த காயமும் வாழ்க்கைக்கு வந்த இழப்பும் சேர்ந்து கொண்டுவருகிற நோய் அது. தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, பிடித்தது எதுவும் பிடிக்காது, பயிற்சி செய்ய மனம் வராது. பயிற்சி நின்றால் கை கால் தேறுவதும் பின்தங்கும். சித்திக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தன. எல்லோர் கண்ணிலும் பட்டது அழுகைதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு மத்தியானச் சோற்றை வேண்டாம் என்று தலையாட்டியது யாருக்கும் நோயாகத் தெரியவில்லை. "ஓய்வா இருக்கு" என்றுதான் சொன்னார்கள்.

ஓய்வு என்று சொல்லி அவரிடமிருந்து ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார்கள். சமையலை மருமகள் ஒருத்தி பார்த்தாள். கொழும்பில் கார்மென்ட்ஸில் இருக்கும் தங்கச்சி காசு அனுப்பினாள். கோழிக்கு நெல் போடப் போனால்கூட, "நீ உக்காரு, நாங்க போடுறோம்" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். இருபது வயதுக்கு முன்னாலிருந்தே விடிய எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பி, மலைக்குப் போய், வந்து தண்ணீர் தூக்கிய உடம்பு அது. கிளினிக்கில் பிரஷர் பார்த்தார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள், காலை அழுத்தச் சொன்னார்கள், மாத்திரை எழுதினார்கள். வரிசை நீளம், டாக்டருக்குத் தமிழ் ஒன்றிரண்டு வார்த்தை, சித்திக்குப் பேச்சு ஒன்றிரண்டு வார்த்தை. மனசு எப்படி இருக்கிறது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

மடுவத்தில்

ஒரு நாள் பின்னேரம் சித்தியைக் காணவில்லை. கட்டில் காலியாக இருந்தது, கம்பும் இல்லை. லயத்துக்குப் பின்னால் ஓடையும் சரிவும் இருப்பதால் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான் வந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் லீவில் அங்கே இருந்தேன். பையன்கள் ஓடைப் பக்கம் ஓட, நானும் சித்தப்பாவும் படியிறங்கினோம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. அங்கே, சாக்குகள் அடுக்கியிருந்த பக்கம், சித்தி ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்திருந்தார். மழை தூறிய ஈரப் படிகளைக் கம்பை ஊன்றித் தனியாக இறங்கியிருக்கிறார். கூட வேலை செய்த பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி அவர் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள்.

கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சித்தி ஏதோ கேட்க முயன்றார். "எம்... எம்..." என்று வெகுநேரம் தடுமாறி, "பேரு" என்றார். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், வேலைநாள் பதியும் செக்ரோல் புத்தகத்தைத் திருப்பி, சித்தியின் மடியில் வைத்துக் காட்டினார். பெயர் அப்படியே இருந்தது. அதற்கு நேரே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், எல்லாம் வெறுமை. சித்தி இடது கைச் சுட்டுவிரலை முதல் கட்டத்தில் வைத்து, கடைசிக் கட்டம் வரைக்கும் மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். பிறகு சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்து, தெளிவாக, "நாளைக்கி" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. சித்தப்பா, "சரி சரி, வீட்டுக்குப் போகலாம்" என்று தோளைப் பிடித்தார். நோய் வந்ததிலிருந்து சித்தியாக எங்களிடம் எதையும் கேட்டதில்லை. கேட்ட முதல் விஷயம் வேலை. காசுக்காக மட்டும் அல்ல என்பது அந்த மடுவத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காலையில் வரிசையாக ஏறிப் போகும்போது பேசுகிற பேச்சு, தேத்தண்ணி நேரத்துக் கேலி, "இன்னைக்கு எத்தன கிலோ அக்கா?" என்று கேட்க ஆள் இருப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அவருக்கு நாள். அதை நிறுத்திவிட்டு, மாத்திரை மட்டும் கொடுத்துத் தேறச் சொன்னால் எப்படித் தேறுவார்?

அடுத்த வாரமே ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். வீட்டில் பெரிய எதிர்ப்பு. மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் என்பதால், எங்கள் ஊர்களில் அங்கொடை என்ற பெயரே திட்டுவதற்குப் பயன்படுகிறது. மனநலக் கிளினிக் வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டால் போதும், பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பயம். சித்தப்பாதான் உறுதியாக நின்றார். அங்கே தமிழ் தெரிந்த ஒரு தாதி இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அது அதிர்ஷ்டத்தை நம்பி விடக்கூடிய விஷயம் அல்ல. தமிழர்கள் இத்தனை பேர் வாழும் மாவட்டத்தில், மனசைத் தமிழில் சொல்ல ஒரு ஆள் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் இருக்க வேண்டும். அந்தத் தாதி சித்திக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முகங்கள் வரைந்த ஒரு தாளைக் காட்டி, எது நீங்கள் என்று விரலை வைக்கச் சொன்னார். ஆமா, இல்ல என்று தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்டார். பிறகு, எங்கள் எல்லோர் முன்னாலும், "செத்துப்போயிரலாம்னு தோணுதா அம்மா?" என்று நேராகக் கேட்டார். சித்தப்பா பதறிப்போனார். சித்தி தலையசைத்து, தோணுகிறது என்றார். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருக்கிறோம். உண்மை அது அல்ல. கேட்டால்தான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது, அப்புறம்தான் காப்பாற்ற முடிகிறது.

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார்கள். அந்த அடக்க முடியாத அழுகைக்கும் அதே மாத்திரை உதவும் என்றார் டாக்டர். வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நன்றாக இருக்கிறது என்று திடீரென்று நிறுத்தக் கூடாது, சாராயம் போலப் பழக்கமாகிவிடும் மருந்து இல்லை என்று பொறுமையாக விளக்கினார். சில வாரங்களில் அழுகை குறைந்தது. தூக்கம் வந்தது. அதைவிட முக்கியமாக, இடையில் விட்டிருந்த கைப் பயிற்சியைச் சித்தி தானாகவே கேட்டுச் செய்தார்.

கையெழுத்துப் போடாதீர்கள்

இதற்கிடையில் வேறொரு பேச்சு வந்தது. வேலையை விடும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணத்தையும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசையும் எடுத்துவிடலாம் என்று. கடன் இருந்தது, சிகிச்சைக்காகக் கண்டிக்கும் திகனைக்கும் போய்வந்த வண்டிச் செலவு இருந்தது. தோட்டத்து ஆபீசிலும் கடிதம் தயாராக இருக்கிறது என்றார்கள். விலகுகிறேன் என்று ஒரு கையெழுத்து, சித்தியின் இடது கைப் பெருவிரல் ரேகை போதும்.

இதில் என் அபிப்பிராயம் உறுதியானது: நோய் வந்த முதல் மாதங்களில், அதுவும் மனச்சோர்வு இருக்கும்போது, வேலையை விடும் எந்தத் தாளிலும் கை வைக்கக் கூடாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்தவருக்குச் சேவைக்காலப் பணம் உரிமை. நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். சில மாதம் பொறுத்துக் கேட்டால் அது எங்கும் ஓடிப்போகாது. ஈ.பி.எஃப். பெண்களுக்கு 50 வயதில் கிடைக்கும். அதற்கு முன்னால், நோயைக் காரணம் காட்டி முழுதாக எடுக்க வேண்டுமென்றால் நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் என்று வைத்தியச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழை வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் வேலை கேட்டுப் போய் நிற்க முடியுமா? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒழுக்காற்றுக் குற்றம் எதுவும் இல்லாதபோது, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் வேலையை முடிக்க முடியாது என்பது அதன் சாரம். சித்தி சம்மதிக்காத வரைக்கும் அந்தச் செக்ரோலில் அவர் பெயரை அழிப்பது லேசான காரியம் அல்ல. அந்தப் பெருவிரல் ரேகைதான் அந்தப் பாதுகாப்பைத் தூக்கிக் கொடுத்துவிடும். காசுக் கஷ்டம் பொய் இல்லை, எனக்கும் தெரியும். கடனைத் தங்கச்சியும் நாங்களும் பங்குபோட்டுச் சமாளித்தோம். அப்படிச் சமாளிக்க ஆள் இல்லாத குடும்பங்கள்தான் அதிகம், அதனால்தான் அந்தக் கடிதங்களில் அத்தனை ரேகைகள் விழுகின்றன.

என்ன வேலை

இரண்டு கையும் வேண்டிய வேலை கொழுந்து எடுப்பது. சரிவில் நிற்க வேண்டும், முதுகில் பாரம், காலடியில் ஈரமண். சித்தியால் இனி அது முடியாது, அதை அவரும் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டார் என்று எழுத எளிது; ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அப்படியானால் வேறு என்ன? தோட்டத்தில் உட்கார்ந்து செய்கிற வேலைகள் இல்லாமல் இல்லை. நாற்றுமேடையில் களை பிடுங்குவது, கன்று தெரிந்தெடுப்பது, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து தரம் பார்ப்பது. வயதானவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் அப்படிப்பட்ட வேலைகளைக் கொடுத்துப் பழகிய இடம்தானே தோட்டம்.

டாக்டரிடம் கடிதம் கேட்டபோது முதலில் கிடைத்தது ஒரு வரி: வேலைக்குத் தகுதியற்றவர். வழக்கமாக அப்படித்தான் எழுதுவார்கள், லீவு கேட்டு வருகிறவர்களுக்கு அதுதான் தேவைப்படும். நாங்கள் திரும்பிப் போய், எதெல்லாம் முடியாது என்பதோடு எதெல்லாம் முடியும் என்றும் எழுதித் தரச் சொன்னோம். சரிவு ஏறக் கூடாது, மெஷின் பக்கம் நிற்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. உட்கார்ந்து இடது கையால் செய்யும் வேலை முடியும், காலையில் இரண்டு மணித்தியாலத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாம். அந்தத் தாளைத் தொழிற்சங்கத் தலைவரிடம் கொடுத்து, அவரும் நாங்களுமாகத் தோட்டத்தை நடத்தும் துரையைப் பார்த்தோம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஆளெடுக்கும்போது இயலாமையைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்கிறது. ஏற்கெனவே வேலையில் இருக்கிறவரைத் திரும்ப எடுக்கும் விஷயத்தில் பேசிப் பெறுவதுதான் வழி. துரை யோசித்தார். விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்டோருக்குப் போகும் கீழ்ப்பாதையில் படி கிடையாது என்று தலைவர் காட்டிக் கொடுத்தார். ஒரு மாதம் பார்க்கலாம் என்று முடிந்தது.

இப்போது சித்தி ஸ்டோரில் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு மலையிலிருந்தும் வருகிற கொழுந்தில் ஒரு பிடி அள்ளி வைப்பார்கள். அதை அவர் பிரிக்க வேண்டும், இரண்டு இலையும் மொட்டும் ஒரு பக்கம், முற்றலும் நசுங்கியதும் மறுபக்கம். அசையாத வலது கையை மேசையில் வைத்து, அதன் கீழே கொழுந்தை அழுத்திப் பிடித்துக்கொள்வார். இடது கைப் பெருவிரலால் காம்பை மடிப்பார். இளசு என்றால் சட்டென்று ஒடியும், முற்றியது நார் விட்டுத் தொங்கும். ஒடிக்கத் தேவையே இல்லை, அவர் பார்த்தாலே தெரியும்; ஆனாலும் ஒடித்துத்தான் வைக்கிறார். ஒரு நாள் ஸ்டோர் ஐயா ஒரு குவியலைக் காட்டி, எந்த மலைக் கொழுந்து என்று கேட்டாராம். சித்தி நம்பரைச் சொல்லிவிட்டார். சரியான நம்பர். அன்று பின்னேரம் தொலைபேசியில் என்னிடம் அதைச் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. நான் குறுக்கே பேசவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போடுகிறார்கள், அந்தக் காசில் வீடு நடக்காது. "உக்காந்து கொழுந்து பொறுக்குறதுக்குப் பேரா?" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு, கிலோ குறைந்தால் சம்பளம் வெட்டுப்படுகிறவர்களுக்கு அந்தக் கோபம் வருவது ஆச்சரியமில்லை. இரண்டு மணித்தியாலம் தாண்டினால் சித்தி சோர்ந்துவிடுவார், பேச்சு இன்னும் குழறும். பாரிசவாதத்துக்குப் பிறகு வருகிற அசதி தூங்கினாலும் போகாத அசதி. வெளியே தெரியாததால் சோம்பல் என்று நினைப்பார்கள். மேற்பார்வை செய்கிறவருக்கு அதைச் சொல்லி விளங்க வைக்க டாக்டரின் இன்னொரு குறிப்பு தேவைப்பட்டது. அப்புறம் சித்தப்பா. மூன்று வேளையும் பார்த்துப் பார்த்து அவரும் மெலிந்துபோய், ராத்திரியில் இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவரை இன்னும் யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது, நான் கேட்டேன். வெகுநேரம் பேசினார். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் அவர் போனில் பதிந்து கொடுத்தேன். எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.

கீழ்க்கணக்கில் லொறி ஓட்டிய ஒருவருக்குச் சில மாதங்களுக்கு முன் வாதம் வந்தது. அவர் மனைவி சித்தி வீட்டுக்கு வந்து, "ஒங்க கடுதாசிய எப்படி எழுதி வாங்குனீங்க அக்கா?" என்று கேட்டார். அவர் கணவரின் கதை வேறு. கை கால் நன்றாகவே இருக்கிறது, ஆனால் பார்வையில் ஒரு பக்கம் மறைகிறது. லொறியை இனி அவர் தொடக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. விலகல் கடிதம் அவர்கள் வீட்டு அலுமாரியில் ரேகை வைக்காமல் இருக்கிறது, இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறோம். மனைவி பேசிக்கொண்டிருக்கும்போது அவர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். சித்திதான் அவர் பக்கம் திரும்பி, "நீ... என்ன... வேல?" என்று கேட்டார். கராஜில் சாமான் கொடுத்து வாங்கிக் கணக்கு வைக்கிற வேலை தனக்குத் தெரியும் என்றார். கண் கிளினிக்குக்கும் மனநலக் கிளினிக்குக்கும் ஒரே நாளில் திகதி எடுத்திருக்கிறோம். சிங்களத்தில் பேச ஆள் வேண்டும் என்பதால் நானும் போகிறேன். கடிதத்தில் என்ன கேட்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்து வைத்திருக்கிறேன்: வாகனம் வேண்டாம், கராஜ் ஸ்டோர், காலை நேரம், வலது பக்கத்திலிருந்து யாரும் சொல்லாமல் வரக் கூடாது.